ட்ரெய்லர் மேல டைனி ஹவுஸ்: அடுத்த வாரம் சுவர் ஃப்ரேம் நிறுத்தப் போறேன், சர்டிஃபிகேட்டுக்கு எதைக் கவனிக்கணும்?

மரத்தூள் (சனி இரவு 10:42)

வணக்கம் மக்களே. ஆறு மாசமா இங்க வாசிச்சுட்டு மட்டும் போனவன், இப்பதான் வாயைத் திறக்கறேன். ஓரிகான்ல ஒரு ஃப்ரெண்டோட நிலத்துல 24 அடி ட்ரெய்லர்ல வீடு கட்டிட்டு இருக்கேன். ரெண்டு ஆக்ஸில், ஒவ்வொண்ணும் 7,000 பவுண்டு, ஆக மொத்தம் 14,000 பவுண்டுக்கு மேல போகக்கூடாது. தரை முடிஞ்சுது, இன்சுலேஷன் போட்டாச்சு, மேல ¾ இன்ச் ப்ளைவுட்டும் ஒட்டி ஸ்க்ரூ போட்டாச்சு, ட்ரெய்லர் ஓரம் வரைக்கும் முழுசா 8 அடி 6 இன்ச் அகலத்துக்கு. அடுத்த வாரக் கடைசியில சுவர் நிறுத்தணும்.

இப்ப என் குழப்பம் என்னன்னா ஒருத்தர் சுவருக்கு 2×4 இன்ச் மரம் போதும்கறார், ஒருத்தர் 2×6 இல்லாம சர்டிஃபிகேட்டே கிடைக்காதுங்கறார், 16 இன்ச்சுக்கு ஒரு ஸ்டட்டா (சுவருக்குள்ள நிக்கற செங்குத்து மரம்) 24 இன்ச்சுக்கு ஒண்ணாங்கறது தனிச் சண்டை, ஆணியா ஸ்க்ரூவாங்கறது அதுக்கு மேல ஒரு சண்டை, வீடியோ பாக்கப் பாக்க தலை சுத்துதே தவிர வேலை நகரல. நானே கட்டற வீட்டுக்கு ஆர்விஐஏ (ஆர்வி, அதாவது சக்கரத்து மேல ஓடற வீட்டு வண்டி செய்யறவங்க சங்கம்) ஸ்டிக்கர் வாங்க முடியுமா? முடியாதுன்னா வேற யாரு குடுப்பாங்க? மரம் ஏற்கனவே வாங்கிட்டேன், 2×4 தான், திருப்பிக் குடுக்க இன்னும் 20 நாள் இருக்கு.

ஆசாரிபேரன் (சனி இரவு 11:30)

வாங்க தம்பி. மரத்தோட தடிமனை அப்பறம் பேசலாம், முதல்ல எந்த ஸ்டாண்டர்டுக்குக் கட்டறீங்கன்னு முடிவு பண்ணுங்க. இதைச் செய்யாமதான் பாதிப் பேர் நடுவுல மாட்டிக்கறாங்க.

ஆர்விஐஏ தனி ஆளுக்குக் கிடையாது. அவங்க மெம்பரா இருக்கற தயாரிப்பாளர்களுக்குத்தான் முத்திரை தருவாங்க. நம்மள மாதிரி கொல்லைப்புறத்துல கட்டறவனுக்கு மூணாம் தரப்பு இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சிகள்தான் வழி. நேர்ல வர்றவங்களும் இருக்காங்க, ஃபோட்டோ வீடியோ வச்சே பாக்கறவங்களும் இருக்காங்க. கட்டி முடிச்சுட்டு கூப்பிட்டா பெரும்பாலும் கைய விரிச்சுடுவாங்க. இப்பவே பேசிப் பதிஞ்சு வச்சுடுங்க.

ஸ்டாண்டர்டு பொதுவா ரெண்டு. ஒண்ணு என்எஃப்பிஏ 1192, இது சாதா ஆர்விக்கு. இன்னொண்ணு ஏஎன்எஸ்ஐ ஏ119.5, இது பார்க் மாடல் ஆர்விக்கு (பெரும்பாலும் ஒரே இடத்துல நிறுத்தி வைக்கற வகை), 400 சதுர அடிக்குள்ள இருக்கணும். இந்த ரெண்டுமே தீ, கேஸ், கரண்ட், ப்ளம்பிங், வெளியேற வழி, இதைப் பத்திதான் அதிகம் கேக்கும். "ஸ்டட் இத்தனை இன்ச்சுக்கு ஒண்ணு"ன்னு ஒரு டேபிள் தேடினீங்கன்னா ஏமாந்துடுவீங்க. அதனாலதான் நிறைய ஏஜென்சி கட்டமைப்புக்கு வீடு கட்டற விதித் தொகுப்பான ஐஆர்சியைத் தொட்டுக்கறாங்க.

ஐஆர்சியில அப்பெண்டிக்ஸ் க்யூன்னு 2018 பதிப்புல ஒண்ணு வந்துச்சு, டைனி ஹவுஸுக்குன்னே. லாஃப்ட் (மேல தூங்கற பரண்) நீங்கலா 400 சதுர அடி, ஆளு புழங்கற இடத்துல 6 அடி 8 இன்ச் உயரம், பாத்ரூம் கிச்சன்ல 6 அடி 4 இன்ச், லாஃப்ட் குறைஞ்சது 35 சதுர அடி. ஆனா அது வீட்டைப் பத்திப் பேசுதே தவிர ட்ரெய்லரைப் பத்தி இல்ல, அதை வச்சு மட்டும் சக்கரத்து மேல சர்டிஃபிகேட் கேக்க முடியாது. நீங்க கடைசியா எங்க நிறுத்தப் போறீங்களோ அந்த கவுண்டி ஆபீஸ்ல எதை ஏத்துப்பாங்கன்னு கேட்டுட்டு வாங்க. லாஸ் ஏஞ்சலஸ் 2019 கடைசியில வீட்டுப் பின்னால நகரும் டைனி ஹவுஸ் வைக்க வழி குடுத்தப்பகூட ஆர்வி ஸ்டாண்டர்டு சர்டிஃபிகேட் இருந்தாதான்னு சொல்லிட்டாங்க.

எங்க தாத்தா கூரை போடறப்ப ஒண்ணு சொல்லுவார், கைமரம் எவ்வளவு பெருசுங்கறதை விட அது எதுல உக்காருதுங்கறதைப் பாருடான்னு. சரி, ஒரு கேள்வி, சுவருக்கு வெளிப்பக்கம் அடிக்கற பலகை பத்தி. சைடிங் எதுல போடறீங்க?

சும்மா_வந்தேன் (ஞாயிறு காலை 7:05)

துண்டு போட்டு உக்காந்துட்டேன், நடத்துங்க.

மரத்தூள் (ஞாயிறு காலை 9:20)

நன்றிண்ணா. கவுண்டியில கேட்டு வச்சுட்டேன், ஆர்வி ஸ்டாண்டர்டுதான் அவங்களுக்கு. என்எஃப்பிஏ 1192ன்னே போறேன். //சைடிங் எதுல போடறீங்க?// 5/8 இன்ச் மரச் சைடிங். உள்ள 7/16 இன்ச் ஓஎஸ்பி (மரச் சீவலை அமுக்கிச் செஞ்ச) ஷீட், நடுவுல தண்ணி வடிய 3/8 இன்ச் பட்டி அடிச்சு இடைவெளி. ஏண்ணா கேக்கறீங்க?

ஆசாரிபேரன் (ஞாயிறு காலை 9:41)

அப்ப கூட்டிப் பாருங்க. 7/16, 3/8, 5/8. ஒரு பக்கம் 1 இன்ச்சும் 7/16ம் வருது. மூலையில ¾ இன்ச் ட்ரிம் பலகை அடிப்பீங்கல்ல, அதையும் சேத்தா 2 3/16. நீங்க சுவரை ட்ரெய்லர் ஓரத்துல நிறுத்தினா வீடு ரெண்டு பக்கமும் வெளிய தள்ளி 106 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல ஆயிடும். ரோட்டுல பர்மிட் இல்லாம போக அகலம் 102 இன்ச்தான், அது ஸ்டட்டுலேர்ந்து அளக்கறது இல்ல தம்பி, வெளில எது துருத்திட்டு இருக்கோ அதுலேர்ந்து அளக்கறது. இறவாணமும் அதுல சேத்தி.

மரத்தூள் (ஞாயிறு காலை 9:58)

ஐயோ.

மரத்தூள் (ஞாயிறு காலை 10:03)

இல்ல நிஜமா ஐயோ. ட்ரெய்லர் விக்கறவங்க 8 அடி 6 இன்ச்னு சொன்னதால அதுதான் வீட்டு அகலம்னு நெனச்சுட்டேன். ப்ளான் முழுக்க அந்த அளவுலதான் வரைஞ்சிருக்கேன்.

ஈரோட்டம்மணி (ஞாயிறு பகல் 12:15)

பதறாதீங்க தம்பி, சுவர் நிறுத்தறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதேன்னு சந்தோசப்படுங்க. நான் சுவரை மூடுனதுக்கு அப்பறம் மாட்டுனவ, அந்தக் கூத்தைச் சொல்றேன் கேளுங்க.

நாங்க கொலராடோல 20 அடியில கட்டுனோம். பாத்ரூம் சுவர் 2×4. சிங்க்லேர்ந்து வர்ற ஒன்றரை இன்ச் ட்ரெயின் பைப் சுவருக்குள்ளயே படுத்துப் போகட்டும்னு வீட்டுக்காரர் ஹோல் சா எடுத்து வரிசையா ஆறு ஸ்டட்டுல 2 இன்ச் ஓட்டை போட்டுப்புட்டாருங்க. பைப் பேருதான் ஒன்றரை, வெளி விட்டம் 1.9 இன்ச் இருக்குது. ஓட்டை நேரா அழகா ஒரே கோட்டுல இருந்துது, நானே ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன், ஒரு அளவுநாடாவ வேற பக்கத்துல வச்சு. ரெண்டு நாள்ல பதில் வந்துருச்சு, எங்க நாடாவே எங்களக் காட்டிக் குடுத்துருச்சுங்க.

கணக்கு இதுதான்: பாரம் தாங்கற சுவர்ல ஸ்டட் அகலத்துல 40 சதவீதத்துக்கு மேல ஓட்டை கூடாது. 2×4ன்னு சொல்றமே ஒழிய நெசமான அகலம் 3½ இன்ச்சுதான். 40 சதவீதம்னா 1.4 இன்ச். வெட்டுக்கு, அதாவது ஓரத்துல நாட்ச் எடுத்தா, 25 சதவீதந்தான். ரெட்டை ஸ்டட்டா இருந்தா ஓட்டை 60 சதவீதம் வரைக்கும் போலாம், ஆனா அப்படி அடுத்தடுத்து ரெண்டு ரெட்டைக்கு மேல கூடாது. நாங்க ஆறு. அந்தப் பக்கம் சீடர் பலகை ஒட்டி வார்னிஷே அடிச்சாச்சு. அதைப் பேத்து, ஆறு ஸ்டட்டும் மாத்தி, பைப்பைத் தரைக்குள்ள எறக்கி, மூணு வாரம் போச்சுங்க. அப்ப எங்க வீட்டுல பேச்சுவார்த்தையே இல்ல.

அதனால 2×4 போதும், ஆனா ட்ரெயின் பைப் போற ஒரு சுவரை மட்டும் 2×6 பண்ணிக்கோங்க, இல்லாட்டி பாரம் தாங்காத உள்சுவருல பைப்பை விட்டுருங்க, அங்க 60 சதவீதம் வரைக்கும் விடுவாங்க.

சும்மா_வந்தேன் (ஞாயிறு பகல் 12:31)

//எங்க நாடாவே எங்களக் காட்டிக் குடுத்துருச்சுங்க// 😂 அக்கா, நாடா இல்லாத ஃபோட்டோவா அனுப்பியிருக்கலாம்ல

ஈரோட்டம்மணி (ஞாயிறு பகல் 12:40)

அனுப்பியிருந்தா "அளவோட அனுப்புங்க"ன்னு திருப்பியிருப்பாங்க கண்ணு. அதுவும் நடந்துது, ஆணி இடைவெளிக்கு.

ஸ்டிரக்சரல்_சித்தப்பு (ஞாயிறு மாலை 4:10)

தொழில்முறை இஞ்சினியர், ஆனா உங்க வீட்டுக்கு இஞ்சினியர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

சுவரை உள்ள இழுக்கணும்ங்கறது சரி. ஆனா அதோட இன்னொரு பிரச்சனை கூடவே வருது, யாரும் சொல்லல. ஓரத்துல இருந்தா சுவர் ட்ரெய்லரோட பக்க இரும்பு மேல நேரா உக்காந்திருக்கும். 2¼ இன்ச் உள்ள வந்தா பாட்டம் ப்ளேட் (சுவரோட அடி மரம்) இரும்பை விட்டு நகந்து வெறும் ப்ளைவுட் மேலயும் அடியில இருக்கற குறுக்கு இரும்பு மேலயும் நிக்கும். அப்ப ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு குறுக்கு இரும்புக்கு நேர் மேல வந்தா பாரம் நேரா எறங்கும், நடுவுல வந்தா ப்ளைவுட்தான் சுமக்கணும். மரத்தூள், உங்க குறுக்கு இரும்பு எத்தனை இன்ச்சுக்கு ஒண்ணு? உங்க 16-ஆ 24-ஆ சண்டைக்கு பதில் அங்கதான் இருக்கு, யூட்யூப்ல இல்ல.

அடுத்தது பிடிப்பு. சாதா வீட்டுக்கு கீழ்நோக்கி வர்ற பாரம்தான் முக்கியக் கவலை. இது மணிக்கு 55 மைல்ல ஹைவேயில போற வீடு, எதிர்காத்தும் சேந்தா புயல்ல நிக்கற மாதிரி, கூரையைத் தூக்கப் பாக்கும், கூடவே ஒவ்வொரு குழியிலயும் குலுக்கல். அதனால கூரையிலேர்ந்து இரும்பு வரைக்கும் அறுபடாத ஒரு சங்கிலி வேணும். கைமரத்துக்கும் டாப் ப்ளேட்டுக்கும் (சுவரோட மேல் மரம்) ஹரிகேன் டைங்கற இரும்புப் பட்டை, நாலு மூலையிலயும் கதவு ஓரத்துலயும் ஹோல்டவுன் (சுவரைக் கீழ இழுத்துப் பிடிக்கற இரும்பு), அதுலேர்ந்து த்ரெடட் ராட் (மறை போட்ட கம்பி) தரையைத் துளைச்சு ட்ரெய்லர் இரும்போட முடியணும். ப்ளைவுட்டுல லாக் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினா சங்கிலி அங்கயே அறுந்துச்சு.

ஒரு எச்சரிக்கை: ட்ரெய்லர் மெயின் பீமோட ஃப்ளாஞ்சுல (மேலயும் கீழயும் இருக்கற தட்டைப் பகுதி) நீங்களே ஓட்டை போடாதீங்க, பீமோட பலம் பெரும்பகுதி அங்கதான் இருக்கு. ட்ரெய்லர் செஞ்சவங்ககிட்ட கேட்டு ப்ராக்கெட் வெல்ட் பண்ணிக்கோங்க.

ஆணியா ஸ்க்ரூவா: ட்ரைவால் (ஜிப்சம் பலகை) ஸ்க்ரூ, டெக் ஸ்க்ரூ எதையும் ஃப்ரேமுக்குப் போடாதீங்க. பிடிச்சு இழுக்கறதுல கில்லாடி, ஆனா பக்கவாட்டு வெட்டுல படக்குன்னு ஒடியும். ஆணி வளைஞ்சு குடுக்கும், ஒடியாது. ஷீட்டுக்கு 8d (2½ இன்ச்) ஆணி, ஓரத்துல 6 இன்ச்சுக்கு ஒண்ணு, நடுவுல 12 இன்ச்சுக்கு ஒண்ணு, பின்னால கன்ஸ்ட்ரக்ஷன் பசை. ஸ்க்ரூதான் வேணும்னா ஸ்ட்ரக்சுரல்னு மதிப்பீடு பண்ணி விக்கறதை வாங்குங்க.

ஆசாரிபேரன் (ஞாயிறு மாலை 5:02)

சித்தப்பு சொன்னதுல ஆணி விசயத்துல மட்டும் எனக்கு முழு ஒப்புதல் இல்ல. ஷீட்டுக்கு ஆணி சரி. ஆனா குலுக்கல்ல சாதா வழுவழு ஆணி மெல்ல மெல்ல வெளிய வர்றதை நான் கண்ணால பாத்திருக்கேன், ரிங் ஷாங்க் (தண்டுல வளையம் வளையமா வரி இருக்கற) ஆணின்னு சேத்துச் சொல்லுங்க.

ஸ்டிரக்சரல்_சித்தப்பு (ஞாயிறு மாலை 5:20)

அது நியாயம். ரிங் ஷாங்க்.

யாழ்ப்பாடி (ஞாயிறு இரவு 8:45)

நான் ஒன்ராறியோவில இருந்து எழுதுறன். இஞ்ச எங்களுக்கு சிஎஸ்ஏ இசட்240, பார்க் மாடலுக்கு இசட்241, பேர் வேற எண்டாலும் சோலி ஒண்டுதான்.

ஒருத்தரும் பாரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை, அதால சொல்லுறன். 16ஆ 24ஆ எண்டு அடிபடுறியள், 24 அடிச் சுவருக்கு 16 இன்ச் எண்டால் 19 ஸ்டட், 24 எண்டால் 13. ரெண்டு நீளச் சுவருக்கும் 12 தடி மிச்சம். ஒரு 8 அடித் தடி பத்து பவுண்ட் அளவில, ஆக மிஞ்சிறது 120 பவுண்ட். உள்ளுக்கு ட்ரைவால் அடிச்சால் என்ன வரும் தெரியுமோ? சுவரும் சீலிங்கும் சேத்து 23 ஷீட் அளவில, ஒண்டு 50 பவுண்டுக்கு மேல, 1,150 தாண்டும். ஓடேக்க வெடிக்கவும் வெடிக்கும். ஸ்டட்டில கஞ்சத்தனம் பிடிக்கிறதை விட்டுட்டு ட்ரைவாலை விடுங்கோ.

மற்றது, என்னில ஒரு பிழை. குசினியையும் குளியலறையையும் தண்ணித் தாங்கியையும் பின்பக்கம் வச்சனான், முன்னுக்கு வெறும் இருக்கை. ஃப்ரேம் பண்ணேக்க வடிவாத்தான் இருந்தது. ட்ரக் தராசில ஏத்தினால் ஹிட்ச்சில (வாகனத்தோட கொழுவுற இடத்தில) விழுற பாரம் மொத்தத்தில 7 வீதம். 10இல இருந்து 15 வேணும். 45 மைல் தாண்ட வால் ஆடத் தொடங்கிச்சு, வைஃப் பக்கத்தில இருந்து கத்தின கத்து இப்பவும் காதில கேக்குது. கடைசியில தாங்கியைக் கழட்டி முன்னுக்குக் கொண்டு போனன். அதுக்கெண்டு ஃப்ரேமில இடம் விடேல்லை, அலுமாரி ஒண்டை வெட்டினன். சுவர் நிறுத்த முன்னம் பாரமான சாமான் எது எங்க எண்டு கீறிப் பாருங்கோ தம்பி.

மரத்தூள் (திங்கள் இரவு 9:30)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லீவு போட்டுட்டு இன்னிக்கு முழுக்க ட்ரெய்லருக்கு அடியில படுத்திருந்தேன்.

குறுக்கு இரும்பு 16 இன்ச்சுக்கு ஒண்ணு, சித்தப்பு. அதனால 16தான், சண்டை முடிஞ்சுது. ஆனா முதல் இரும்பு ட்ரெய்லர் முனையிலேர்ந்து 16 இல்ல, 14½லதான் ஆரம்பிக்குது, அதனால ஸ்டட் லேஅவுட்டை அதுலேர்ந்து எண்ணி மார்க் பண்ணேன். இது தெரியாம மூலையிலேர்ந்து அளந்திருந்தா எல்லா ஸ்டட்டும் ஒன்றரை இன்ச் தள்ளி நின்னிருக்கும்.

ப்ளைவுட் ஓரத்தை ரெண்டு பக்கமும் 2¼ இன்ச் வெட்டிட்டேன். சர்குலர் சா ஆழத்தை சரியா ¾ இன்ச்னு வச்சேன், அப்படியும் ஒரு ஸ்க்ரூ தலை மேல ஏறி பிளேடு போச்சு, ரெண்டாவது பிளேடுல முடிஞ்சுது. வெளிய தெரியற இரும்பு மேல ஃப்ளாஷிங் தகடு வளைச்சு விடப் போறேன். இப்ப ஃப்ரேம் அகலம் 97½. மூலைக்கு மூலை குறுக்க அளந்தா 304 இன்ச் வரணும், ஒரு பக்கம் 304, இன்னொரு பக்கம் 304¾! முக்கால் இன்ச் எங்க போச்சுன்னு ஒண்ணும் புரியல, தரை சதுரமா இல்லையா, இல்ல நான் வெட்டினது கோணையா?

ஆசாரிபேரன் (திங்கள் இரவு 9:52)

ட்ரெய்லர் சக்கரத்து மேலயா நிக்குது, ஜாக் மேலயா?

மரத்தூள் (திங்கள் இரவு 9:55)

சக்கரம், அப்பறம் முன்னாடி ஜாக் ஒண்ணு.

ஆசாரிபேரன் (திங்கள் இரவு 10:20)

அதுல அளந்த எந்த அளவையும் நம்பாதீங்க. டயரும் ஸ்ப்ரிங்கும் ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு மாதிரி அமுங்கும், இரும்பும் லேசா முறுக்கிக்கும். நாலு மூலையிலயும் ஆக்ஸில் பக்கத்துலயும் ஜாக் ஸ்டாண்டு குடுத்து, டயர்லேர்ந்து பாரத்தை எடுத்துட்டு, நூல் கட்டி மட்டம் பாருங்க. நிறைய ட்ரெய்லரை நடுவுல லேசா மேல வளைச்சுத்தான் செய்வாங்க, பாரம் ஏறினதும் நேராகட்டும்னு, அதனால நூலுக்கும் இரும்புக்கும் நடுவுல கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சா பயப்படாதீங்க. மட்டம் வந்தப்பறம் மறுபடி குறுக்க அளங்க. மிச்சம் வர்ற வித்தியாசத்தை பாட்டம் ப்ளேட்ல சாக்பீஸ் கோடு போட்டு சரி பண்ணிக்கலாம், ப்ளைவுட்டு ஓரத்தைப் பிடிச்சுட்டுப் போகாதீங்க.

ஈரோட்டம்மணி (செவ்வாய் காலை 6:50)

தம்பி, அவசரத்துல வெளியேறற ஜன்னலையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. உங்க ஏஜென்சி ஆர்வி அளவு கேக்குதா ஐஆர்சி அளவு கேக்குதான்னு கேட்டுட்டு ரஃப் ஓப்பனிங் (ஜன்னலுக்கு ஃப்ரேம்ல விடற இடம்) வைங்க. ஐஆர்சின்னா அகலம் குறைஞ்சது 20, உயரம் குறைஞ்சது 24ன்னு போட்டுருக்கும், அதைப் பாத்து 20க்கு 24ன்னு வாங்கிறாதீங்க. திறந்தா கிடைக்கற இடம் 5.7 சதுர அடி இருக்கணும்னும் கூடவே போட்டுருக்கும், 20×24 அதுல 3.3 தான் வருது. 20 அகலம்னா உயரம் 41 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல வேணும். லாஃப்ட்ல தூங்கறதுக்கு கூரை ஜன்னல் வைக்கறதா இருந்தா அதோட அடி லாஃப்ட் தரையிலேர்ந்து 44 இன்ச்சுக்குள்ள இருக்கோணும்.

சும்மா_வந்தேன் (செவ்வாய் காலை 8:15)

நான் இன்னும் ட்ரெய்லரே வாங்கல, ஆனா 5.7 சதுர அடி மனப்பாடம் ஆயிடுச்சு.

மரத்தூள் (19 நாள் கழிச்சு, ஞாயிறு இரவு)

அப்டேட். ஜாக் ஸ்டாண்டுல ஏத்தி மட்டம் பாத்ததும் முக்கால் இன்ச் வித்தியாசம் கால் இன்ச்சா கொறைஞ்சுது, மிச்சத்தை கோட்டுல சரி பண்ணிட்டேன். சுவர் நாலும் நின்னாச்சு, ஷீட் அடிச்சாச்சு, கைமரம் ஏறியாச்சு. பாத்ரூம் சுவர் மட்டும் 2×6. ராட் ப்ராக்கெட்டை ட்ரெய்லர் செஞ்சவங்க சொன்ன இடத்துலயே லைசென்ஸ் உள்ள வெல்டர வச்சு வெல்ட் பண்ணேன், எட்டு இடம். தண்ணித் தாங்கி ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னாடி, யாழ்ப்பாடி அண்ணனுக்குப் பெரிய கும்பிடு.

ஃபோட்டோ மட்டும் 212 எடுத்தேன். ஒவ்வொரு சுவருக்கும் ஏ, பி, சி, டின்னு பேப்பர்ல எழுதி ஒட்டி, மரத்துல குத்தியிருக்கற கிரேடு முத்திரை தெரியற மாதிரி, ஹோல்டவுன் ஒவ்வொண்ணும் தனியா, ஆணி வரிசை பக்கத்துல நாடா வச்சு (அக்கா!), ட்ரெய்லர் நம்பர் தகடு, எல்லாம். ஏஜென்சிகிட்டேர்ந்து நேத்து பதில் வந்துச்சு. ஃப்ரேமிங் ஓகே. ஒரே ஒரு குறை, கிச்சன் சுவர்ல மூணு ஸ்டட்டுல ஒயர் ஓட்டை முன்பக்கத்துக்கு 1¼ இன்ச்சை விட கிட்ட இருக்கு, நெயில் ப்ளேட் (ஒயர்ல ஆணி ஏறாம தடுக்கற தகடு) இல்ல. போய்ப் பாத்தா உண்மைதான், சி சுவர் ஃபோட்டோவை ஜூம் பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. ட்ரில் சாஞ்சிருச்சு போல. மூணு தகடு அடிச்சு ஃபோட்டோ அனுப்பி ஓகே வாங்கிட்டேன். அடுத்த வாரம் இன்சுலேஷன்.

ஈரோட்டம்மணி (ஞாயிறு இரவு 10:05)

மூடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சாங்கல்ல, அதான் வேணும். மூணு தகடு அடிக்க எத்தனை நிமிசம் ஆச்சு?

மரத்தூள் (ஞாயிறு இரவு 10:08)

நாலு நிமிசம். சுத்தியலைத் தேடறதுக்கு இருபது.

ஸ்டிரக்சரல்_சித்தப்பு (ஞாயிறு இரவு 10:30)

நல்லா வந்திருக்கு. ஹோல்டவுன் நட்டை இன்சுலேஷன் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை இறுக்கிடுங்க, ஃப்ரேம் மரம் காஞ்சு சுருங்கி நட் தளந்திருக்கும்.

சும்மா_வந்தேன் (ஞாயிறு இரவு 10:44)

ஹோல்டவுன் ஏதாச்சும் மிச்சம் இருக்கா ப்ரோ? போன வாரம் ட்ரெய்லருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.